முத்துப்பேச்சியின் ஓட்டு

பனியன் கம்பெனியில் முத்துப்பேச்சிக்குச் செக்கிங் வேலை. தையல் விட்ட இடமோ எண்ணெய்க் கறையோ, அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவிநாசிபாளையத்துக்குப் பிழைக்க வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வரும்போது வாயை ஊரில் விட்டுவிட்டு வரவில்லை, மகராசி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராம சபை பற்றிய பயிற்சிக்குப் போய் வந்தாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் வாத்தியார்.

"ஊருக்கு என்ன வேணும்னு நாமதான் கேக்கணும். வாய மூடிக்கிட்டு இருந்தா எவன் தருவான்?" என்று ரசஞ்சோற்றைப் பிசைந்தபடியே பாடம் நடத்துவாள்.

அவள் குடியிருந்த லைன் வீட்டுச் சந்தில் சாக்கடை கிடையாது. நாற்பது குடும்பத்துத் தண்ணீரும் வாசலிலேயே தேங்கும். போன மழையில் மகள் காய்ச்சலில் விழுந்து பிழைத்ததே பெரும்பாடு. மே தினக் கிராம சபையில் சாக்கடைக்குத் தீர்மானம் போட்டே தீருவது என்று முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு போனாள்.

ஊராட்சிச் செயலர் பட்டியலைப் புரட்டினார். "அம்மிணி, உங்க பேரு இந்த ஊர் ஓட்டர் லிஸ்ட்ல இல்லீங்களே. இங்க ஓட்டு இருந்தாத்தானுங்க தீர்மானத்துல சேத்த முடியும்."

கூட வந்தவர்களில் இருபத்தாறு பேருக்கும் அதே கதை. தேர்தல் வந்தால் பஸ் பிடித்துச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஓட்டுப் போட்ட மாதிரியும் ஆச்சு, அம்மா முகத்தைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள் இதைக் கவனிக்காமல் போனாளே! முத்துப்பேச்சிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டாள். "ஓட்ட இங்கன மாத்தப் போறேன்."

"அப்போ நம்ம ஊரு வேண்டாமாக்கும்?"

"கோயில் கொடைக்கு வருவேன்ணே. எம்புள்ள குடியிருக்கது இங்கனல்லா?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்து, இருபத்தாறு பேரையும் உட்கார வைத்து விண்ணப்பம் எழுத வைத்தாள்.

காந்தி ஜெயந்திச் சபையில் செயலர் அவள் பெயரை வாசித்ததும் எழுந்தாள். மனப்பாடம் செய்திருந்த பேச்சு மறந்தே போனது.

"சாக்கடைங்கக்கா..." என்று பக்கத்து வீட்டுச் சாரதாமணி எடுத்துக்கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும், சும்மாரு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள் முத்துப்பேச்சி. பிறகு சத்தமாகச் சொன்னாள்: "எங்க ஊருக்குச் சாக்கடை வேணும்."

அவிநாசிபாளையத்தை அவள் ‘எங்க ஊரு’ என்று சொல்லிச் சாரதாமணி கேட்டது அன்றைக்குத்தான்.