ஏரியை அளக்க வந்தவர்

மாரண்டஹள்ளிக்கு மேற்கே, காட்டை ஒட்டிய எங்கள் ஊருக்கு வரைபடக்காரர்கள் வந்தபோது நான் சின்னப் பெண். மலையையும் காட்டையும் நடுவில் கிடந்த எங்கள் ஏரியையும் தாளில் கொண்டுவர அரசாங்கம் அனுப்பிய ஆட்கள். அவர்களில் இளையவரான சர்வேயர், பாறைமேல் முக்காலி நட்டு, அதில் பூட்டிய தூரப்பார்வைக் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணை வைத்து நாள் முழுக்க ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு மேய்க்கப் போன நான் கெஞ்சியதும் என்னையும் பார்க்க விட்டார்.

பார்த்தேன், அலறிவிட்டேன். ஏரி மேலே, வானம் கீழே. கரையில் குடத்தோடு வந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, தலைகீழாக நடந்துகொண்டிருந்தாள். இந்தக் கண்ணாடி எதையும் கவிழ்த்துத்தான் காட்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஊருக்குள் ஓடி எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

தலைகீழானால் சேலை என்னாகும் என்று பெண்கள் கலங்கிப்போனார்கள். மறுநாள் ஒருத்தியும் ஏரிக்குப் போகவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை என்றதும் ஆண்களுக்கு ரோஷம் வந்தது. முக்காலியைப் பிடுங்கி எறிந்து ஆட்களை விரட்டத் தடியோடு கிளம்பினார்கள். முன்னால் அப்பா.

அத்தை அவர்களை முந்திக்கொண்டு பாறை ஏறினாள்.

"நீங்க போயி கரையில நில்லுங்க. நான் பாக்கறேன்" என்றாள் சர்வேயரிடம்.

அவர் மறுபேச்சில்லாமல் இறங்கிப்போய் நின்றார். கண்ணாடியில் கண் வைத்த அத்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, வந்து பாருங்க! தலைகீழா நிக்கறாரு, தொப்பிகூட உழுவல. சீலை மட்டும் எங்க உழுவப்போவுது?"

தடியைக் கீழே போட்டுவிட்டு அப்பா பார்த்தார். சாயங்காலத்துக்குள் ஊரே பாறைமேல் நின்றது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கரைக்கு அனுப்பிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சர்வேயருக்கு அன்று ஒரு வேலையும் நடக்கவில்லை.

கூடாரம் பிரித்துப் போனவர் சில வாரங்களில் திரும்பி வந்தார். ஏரியில் ஒரு கோணம் விட்டுப்போச்சாம். அடுத்த மாதமும் ஒரு கோணம் விட்டுப்போனது. ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் மோர் குடித்தார். இத்தனூண்டு ஏரியை இத்தனை தடவை அளக்கிறாரே, வேலை தெரியாதவரோ என்று அத்தையிடம் கேட்டேன்.

"ஆமா, சுத்த மக்கு" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.

தை பிறந்ததும் அவர் தன் அப்பா அம்மாவோடு, பூவும் பழமும் நிறைந்த தட்டுகளோடு வந்து இறங்கினார். இந்தத் தடவை அளக்கக் கூட்டமாகவே வந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவர் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏரி இந்தப் பக்கம்ங்க."

"அது கெடக்கட்டும் கண்ணு. மொதல்ல உங்க அத்தையப் பாக்கறோம்" என்றார் அந்த அம்மா.

தினமும் வீட்டில் இருக்கும் அத்தையைப் பார்க்க எதற்கு இத்தனை பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.