மாதத்துக்கு எத்தனை மணி நேரப் பேச்சு

கைப்பேசித் திரையில் அக்காவின் முகம் தெளிவாக இருந்தது. கைகள் மட்டும் கலங்கிப்போயின. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சாம்பல் நிறத்தில் இழுபட்டு, என்ன சொல்கிறாள் என்றே தெரியவில்லை. ஓசூரில் நான் வேலை செய்யும் கம்பெனியின் கேன்டீனில், ஆறிப்போன டீயை முன்னால் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்குப் பேச்சென்றால் கைதான். மற்றவர்களுக்கு இணையம் மெதுவானால் படம் நின்று நின்று ஓடும். எங்களுக்குப் பேச்சே நின்றுவிடும்.

அவளைக் கடத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமாவுக்கும் காது கேட்காது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பண்டிகைக்கு வருவார். வீட்டில் அக்காவும் அவளுடைய மாமியாரும், இரண்டு மாடுகளும். நான் அத்தை என்று கூப்பிடும் அந்த மாமியாருக்கு நன்றாகக் காது கேட்கும், நன்றாகப் பேசுவார். ஆனால் மருமகளிடம் பேச அவருக்குத் தெரிந்தது நாலைந்து சைகைகள்தான். பால் கற, தண்ணி எடு, வா, போ. காது கேட்கிறவர்களில் சைகை மொழியை முழுதாகத் தெரிந்தவள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். காது கேளாதோர் விடுதிப் பள்ளியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியோ ரேஷன் கடையோ பெண் பார்க்க வந்தவர்களோ, அவளுக்கு வாய் நான்தான். வேலை முடிந்து அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே கைப்பேசி அதிரும். ஒரு நாள் முழுக்கப் பேசாதவள் பேச உட்கார்ந்தால் சீக்கிரம் முடியுமா? தோள் வலிக்கும். வைத்துவிடவும் மனம் வராது.

அவள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எடுக்காது. அதனால்தான் உள்ளூர் கேபிள்காரரிடம் சொல்லி இணைய லைன் இழுத்தோம். "அன்லிமிடெட் தாங்க, எவ்ளோ வேணும்னாலும் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள்கூட ஆகவில்லை, அக்காவின் விரல்கள் கலங்கிவிட்டன. போன் போட்டுக் கேட்டேன். "நூறு ஜிபி தாண்டுனா கொஞ்சம் ஸ்லோவாவுங்க. மாசம் பொறந்தா சரியாயிரும்" என்றார்.

மாதம் பிறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்: ஒரு மாதத்துக்கு நாம் எத்தனை மணி நேரம் பேசலாம்? காகிதத்தை எடுத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் கணக்குப் போட்டுக் காட்டினேன். லைனின் வேகம் நொடிக்குப் பத்து மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், நொடிக்கு ஒன்றேகால் மெகாபைட். மணிக்கு நாலரை ஜிபி. இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் மாதத்துக்கு மூவாயிரம் ஜிபிக்கு மேல் இந்தக் கம்பியில் போய் வர முடியும். அக்காவின் கண்கள் விரிந்தன. ஆனால் நமக்கு விட்டிருப்பது நூறுதான் என்றேன். கை தெளிவாகத் தெரிகிற வீடியோ பேச்சுக்கு மணிக்கு ஒரு ஜிபி. ஆக நூறு மணி நேரம், நாளைக்கு மூன்று மணிக்குச் சற்று மேல். அவள் உடனே பங்கு போட்டாள். மாமாவுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு, விடுதித் தோழிகளுக்கு மீதி.

அந்தப் பங்கீட்டை அவள் மீறவே இல்லை. இருந்தும் அந்த மாதமும் பாதிக்கு முன்பே விரல்கள் கலங்கின. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். கூடத்தில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் இதே லைனில்தான். அத்தை மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் தொடங்கி விளக்கு வைக்கும் வரை, நாலு மணி நேரம் சீரியல் போட்டுக்கொண்டு, புளி கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். தெளிவான படத்துக்கு மணிக்கு இரண்டு ஜிபி. நாளைக்கு எட்டு ஜிபி அங்கேயே போய்விடுகிறது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. என் பேச்சை இவர் தின்கிறார், நிறுத்தச் சொல் என்று கையை வீசினாள். நான் தயங்கித் தயங்கி அத்தையிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், புளியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ புருசங்கிட்ட பேசறா, உங்கிட்ட பேசறா. எங்கூட இந்த வூட்ல யாரு கண்ணு பேசறாங்க? புள்ளையும் ஊமை, மருமவளும் ஊமை. அந்தப் பொட்டிதான் நாலு வார்த்த பேசுது."

அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னேன். எந்தச் சொல்லையும் மென்மையாக்கவில்லை. அவள் டீவியைப் பார்த்தாள், புளியிலிருந்து கண்ணெடுக்காத அத்தையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: இவருக்குச் சத்தம்தானே வேண்டும்? படம் எதற்கு?

அத்தைக்குக் கண்புரை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும் அவருக்கு. டீவியில் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். மணிக்குக் கால் ஜிபியாக இறங்கியது. "ஒண்ணும் வித்தியாசந் தெரில கண்ணு" என்றார் அத்தை. அக்காவுக்கு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியது. அடுத்த மாதத்திலிருந்து மாதக் கடைசி வரை விரல்கள் கலங்கவில்லை. இரண்டு பேரும் அந்தக் கம்பியில் ஆளுக்கொரு பக்கம் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரே கூடத்தில் இருந்தார்கள்.

போன வருடம் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கை தூக்க வரவில்லை. நாலைந்து சைகைகள் இருந்தனவே, அவையும் போயின. குரல் மட்டும் குழறலாக மிச்சமிருந்தது. அக்கா கைப்பேசியை அத்தையின் தலைமாட்டில், இருவரும் தெரியும்படி சாய்த்துவைத்து என்னை அழைப்பாள். அவர் சொல்வதை நான் கேட்டுக் கையால் அக்காவுக்குச் சொல்வேன். அக்கா கையால் சொல்வதை வாயால் அவருக்குச் சொல்வேன். பெரிதாக ஒன்றுமில்லை. மாடு சினை பிடித்ததா, ஓட்டில் ஒழுகுகிறதா, தலையணையை நகர்த்து. சில நாள் தன் பிறந்த ஊர்க் கதை. இத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். எனக்குக் கைகள் மரத்துப்போகும். அந்த மாதம் நாங்கள் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஒரு காலை, நூறு ஜிபி தீர்ந்தது. மெதுவான லைனிலும் குரல் வந்துவிடும். கைதான் போய்ச் சேராது. அத்தை மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. "அவ சாப்ட்டாளான்னு கேளு கண்ணு. ராத்திரியும் திங்கல." நான் கையால் கேட்டேன். தெரியவில்லை என்று அக்கா தலையாட்டினாள். திரும்பத் திரும்பக் கேட்டேன். அதற்குள் அத்தையின் மூச்சு மாறியிருக்க வேண்டும்; அக்கா கைப்பேசியைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டாள். எழுதி அனுப்பியதையும் பார்க்கவில்லை.

பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் படுக்கவைத்திருந்தார்கள். மாமா திருப்பூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து அத்தையின் வலது கையைப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும், கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் அத்தையின் பக்கம் திரும்பி, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். மெதுவாக, நன்றாகத் தெரியும்படி. அழுகை நின்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் எப்போதும் போல அதை வாயால் சொன்னேன்.

"சாப்ட்டுட்டாளாமுங்க அத்தை."