வெள்ளைக்கார அம்மனுக்குக் கற்பூரம்

எங்கள் சாமியறைக்கு அந்த அம்மன் படத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். துறைமுகத்தடியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வெளியே எறிந்த கடதாசிக் கட்டுக்குள் அது கிடந்தது. கறுப்பு வெள்ளைப் படம், நன்றாக வெளிறியிருந்தது. ஒரு கையில் சூலம், மறு கையில் கேடயம், பக்கத்தில் சிங்கம், தலையில் கிரீடம், காலடியில் குரங்கு மூஞ்சியோடு ஓர் அசுரன். அம்மனின் தோளில் சாய்ந்து ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பக்தை என்று முடிவு கட்டினேன். கேடயத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கோடுகளை யந்திரம் என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. பிரேமுக்குள் அடங்கவில்லை என்று கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் காலமெல்லாம் ஆங்கிலக் கடிதம் எழுதிப் பென்சன் எடுத்த நான் அதை வாசித்தும் பார்க்கவில்லை.

மனைவி அப்படியே நம்பினாள். மகளுக்குக் கலியாணம் முடிந்து மாப்பிள்ளை லண்டனில், இவள் இங்கே. விசாவை இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். மூன்றாம் தரம் விண்ணப்பித்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அம்மனுக்குச் செவ்வரத்தம்பூ மாலை. கற்பூரம் காட்டுவது என் பொறுப்பு.

முன்னறையை வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன மாதம் அயர்லாந்துப் பெண்ணொருத்தி வந்து தங்கினாள். அவளைச் சாமியறை வாசலில் நிறுத்தி என் விளக்கத்தை அவிழ்த்துவிட்டேன். அவள் கழுத்தை நீட்டிப் படத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டன் பத்திரிகைக் கேலிச்சித்திரம் என்றாள். சூலம் வைத்திருப்பவள் பெண்ணாகக் கீறிய பிரித்தானியா நாடு; கேடயத்தில் இருப்பது அதன் கொடி. அழுகிறவள் அயர்லாந்து. குரங்கு மூஞ்சிக்காரனும் அயர்லாந்துக்காரன்தான். அரசாங்கத்தை எதிர்த்துக் கேட்டவர்களை அப்படித்தான் கீறுவார்களாம்.

"உங்கள் அசுரன் என் பூட்டனாராகவும் இருக்கலாம்," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போய் எவ்வளவோ காலம். எங்கள் ஊரான உப்புவெளியில் நான் ஒருவன் மட்டும் பிரித்தானிய அரசாங்கத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கடற்கரைக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, படத்தைக் கழற்றக் கதிரையில் ஏறினேன்.

"இறங்குங்கோ," என்றாள். "இந்த அம்மன் லண்டன்காரி எண்டா நல்லதாப் போச்சு. லண்டன் விசாவை வேற ஆரிட்டக் கேக்கிறது?"

"அது சாமியில்லையப்பா. கவுண்மேந்து."

"ஓம். விசா குடுக்கிறதும் கவுண்மேந்துதானே."

இறங்கினேன். ஆனால் அந்த அசுரனின் மூஞ்சியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டு தரம் மறுத்தவர்களின் கண்ணுக்கு என் பிள்ளையின் முகம் எப்படித் தெரிந்திருக்கும்? இவ்வளவு நாளும் அவனை அசுரன் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கற்பூரத் தட்டோடு போனேன். அம்மனுக்கு வழமைபோல மாலை இருந்தது. அழுகிற பெண்ணின் நெற்றியில் புதிதாகக் குங்குமம். குரங்கு மூஞ்சிக்காரனுக்கும் ஒரு பொட்டு.

"இவனுக்கு ஏன்?" என்று கேட்டேன்.

"அவனும் எங்கட பிள்ளையைப் போலக் கேட்டுக்கொண்டுதானே நிக்கிறான்," என்றாள்.

அன்றைக்குக் கற்பூரத்தை முதலில் அவனுக்குக் காட்டினேன்.