அப்பாவின் கீழ்வீட்டுக் குடித்தனக்காரன்

நாக்பூரில் மானேவாடாப் பக்கம் ஸ்கூட்டர் வாங்கப் போனவர்கள் குண்வந்த் ஜாடேவைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. ஷோரூம் வாசலிலேயே மடக்கி, ஹெல்மெட் இலவசம் என்று சத்தியம் செய்பவன் அவன்தான். வயது இருபத்தாறு. சம்பளம் இருபத்திரண்டாயிரம். இப்படி ஒருவன் உயிரோடு இருப்பது வருமான வரி இலாகாவுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவர்களுக்குப் பிரயோஜனமில்லை.

அவனிடம் ஒன்று மட்டும் ஏராளமாக இருந்தது. பொறாமை. அதுவும் ஊர்ப்பட்ட பேர் மேல் இல்லை, சொந்த அண்ணன் ஷிரீஷ் ஒருவன் மேல்தான். குண்வந்துக்கு ஆறு வயதாக இருந்தபோது ஷிரீஷுக்கு அம்மை போட்டது. தபால் ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா புண்டலிக்ராவ், ஒரு நாள்கூட லீவு எடுக்காத மனுஷன், பத்து நாள் லீவு போட்டு மூத்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினார். குண்வந்த் அண்ணனின் போர்வைக்குள் புகுந்து உருண்டு பார்த்தான். அம்மை வரவில்லை. பிறகு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் உடம்பெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு முனகினான். அப்பா ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. வீடு அப்பா பேரில். மாடியில் ஷிரீஷும் அவன் மனைவி பிரணிதாவும். கீழே அப்பாவும் குண்வந்தும். ஷிரீஷுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மூட்டை மூட்டையாகச் சம்பளம், அதில் வீட்டு வாடகைப் படி என்று தனியாக ஒரு பகுதி.

போன வருஷம் அந்தப் படியை வைத்து ஷிரீஷ் ஒரு காரியம் செய்தான். அப்பாவுக்கு மாதம் பதினைந்தாயிரம் வாடகை கொடுப்பதாக எழுதிக்கொண்டு, போனில் ஒரு செயலியைப் போட்டுக் கிரெடிட் கார்டிலேயே கட்ட ஆரம்பித்தான். வரியில் முப்பத்தேழாயிரம் மிச்சம். கார்டில் சேர்ந்த பாயின்டில் பிரணிதாவோடு கோவாவுக்கு விமானத்தில் போய்வந்தான்.

குண்வந்துக்கு கோவா கூடப் பரவாயில்லை. கடலை போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு.

ஆடிட்டர் சபானே அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “காகா, பேப்பர்ல குடித்தனக்காரன், வீட்ல பிள்ளைன்னு இருந்தீங்கன்னா ஒரு நாள் நோட்டீஸ் வரும். நிஜமாவே வாடகைக்கு விட்ட மாதிரி இருக்கணும். ஆமா.” சபானே சொன்னது பணத்தையும் காகிதத்தையும் பற்றி. ஆனால் முப்பத்தொரு வருஷம் அரசாங்க முத்திரை குத்திய புண்டலிக்ராவ் அதை முழுசாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்காரர். மாடிக்கு ஓடி ஓடிப் போய் சுண்ணாம்பு அடித்தார், ஜன்னல் கொக்கி மாற்றினார். ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி, ஷிரீஷின் கூலருக்குப் புது வெட்டிவேர்த் தட்டி கட்டினார். எழுபது வயதில்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது குண்வந்த். அவன் கூலரின் தட்டி காய்ந்து உதிர்ந்து, போட்டால் காற்றோடு சருகும் பறக்கும்.

“அப்பா, அப்படியே என்னுதும் ஒண்ணு மாத்திடுங்களேன்.”

மேலிருந்து பதில் வந்தது. “நீ என்ன வாடகையா குடுக்குற?”

அப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். மாடி ஜன்னலில் பிரணிதா சிரித்தாள். ஷிரீஷ் வேறு, “குண்யா, ஏணிய ஆட்டாதடா, எங்க ஓனரு விழுந்துடப் போறாரு” என்றான்.

எங்க ஓனராம். குண்வந்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே சபானேயின் ஆபீஸில் போய் நின்றான். சபானே அவன் சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உனக்குத்தான் வரியே இல்லையே. இல்லாத வரியில எதைக் குறைக்கச் சொல்ற?”

“குறைக்க வேணாம் ஸார். வாடகை கட்டணும், அவ்ளோதான். கார்டுல கட்டலாமில்ல?”

“கட்டலாம். எந்த வழியா கட்டினாலும் வாடகை வாடகைதான். ஆனா கார்டுல போட்டா கமிஷன் எடுப்பான். அந்தக் கமிஷன் வாடகைக் கணக்குல சேராது. போன காசு உங்கப்பா கணக்குலயே தங்கணும், கொல்லப்புறமா திரும்பி வரக் கூடாது. அவரும் அதை வருமானம்னு காட்டணும். இவ்ளோ பாடும் உங்கண்ணன் பட்டான்னா அவனுக்கு முப்பத்தேழாயிரம் லாபம். உனக்கு என்னடா லாபம்?”

“அது இருக்கு ஸார்.”

“என்ன இருக்கு?”

“கூலர் தட்டி.”

சபானே கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். பிறகு, பைத்தியத்திடமும் ஃபீஸ் வாங்கலாம் என்று சட்டம் இருப்பதால், முத்திரைத்தாளை எடுத்தார்.

மே முதல் தேதி குண்வந்தின் கார்டிலிருந்து நாலாயிரம் ரூபாய் அப்பாவின் கணக்குக்குப் போயிற்று. கமிஷன் நாற்பத்தேழு ரூபாய் தனி. அவன் இருந்த அறைக்குத்தான் வாடகை, பிறந்ததிலிருந்து அவன் படுத்துப் புரண்ட அறை. அப்பா போனில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து ரசீது எழுதினார். கார்டில் கட்டினால் தேவையே இல்லாத ரெவின்யூ ஸ்டாம்பையும் நாக்கில் தொட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

குண்வந்த் விடவில்லை. அன்றே ஒரு மனு எழுதினான். ‘உயர்திரு வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு, கீழ்வீட்டுக் குடித்தனக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.’ கூலர் தட்டி, கதவுத் தாழ்ப்பாள், பல்லி நுழையும் ஓட்டை. மூன்றே நாளில் எல்லாம் சரியாயிற்று. தட்டி நனைந்து வெட்டிவேர் வாசனை அறையெல்லாம் பரவியபோது அவன் கூலரைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓடவிட்டு, கதவைத் திறந்துபோட்டு, மாடிப்படி இறங்கி வருகிற அண்ணனைப் பார்த்துக் கால் மேல் கால் போட்டுக்கொண்டான்.

“என்னண்ணா, உங்க வீட்ல காத்து எப்படி? எங்க ஓனர் நல்ல மனுஷன்.”

ஷிரீஷ் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இதற்குமேல் வாழ்க்கையில் என்ன வேண்டும்?

வேண்டியது இரண்டு வாரத்தில் தெரிந்தது.

அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு அவன் அறைக்குள் வருவார். தட்ட மாட்டார். ஃபேனை நிறுத்துவார். “எந்திரிடா, எருமை” என்று காலில் ஒரு தட்டு. பிறகு அவன் கட்டிலிலேயே, அவன் காலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டு பேப்பரில் வந்த விபத்துச் செய்திகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பார். இருபத்தாறு வருஷமாக அவன் இதைச் சபித்துக்கொண்டே தூங்கியிருக்கிறான். மே பிறந்ததிலிருந்து ஒரு நாள் காலையிலும் அவர் வரவில்லை.

ஒரு காலை கதவு தட்டப்பட்டது. திறந்தான். அப்பா வாசற்படிக்கு வெளியே நின்றார்.

“தண்ணித் தொட்டி கழுவறேன். ஒரு மணி நேரம் தண்ணி வராது. பிடிச்சு வெச்சுக்குங்க.”

“வெச்சுக்குங்களா? யாருப்பா, என்னையா?”

“குடியிருக்கறவங்கள மரியாதை இல்லாம பேசக் கூடாதுல்ல?”

“உள்ள வாங்கப்பா.”

“வேணாம். கேக்காம உள்ள வரக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு. நீதான… நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க.” சொல்லிவிட்டு வாளியோடு போய்விட்டார்.

அவருக்குக் கோபமா, கேலியா, நிஜமாகவே சட்டத்துக்குப் பயமா, அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஸ்டாம்பு விற்றே பழகிய முகம்.

அன்று சாயங்காலம் சதுக்கத்தில் தர்ரி என்கிற காரக் குழம்பு ஊற்றிய அவல் சாப்பிட நின்றபோது ஷிரீஷும் வந்தான். தட்டை வாங்கிக்கொண்டு தம்பி பக்கத்தில் நின்றான்.

“உன்கிட்டயும் தட்டிட்டுதான் நிக்கறாராடா?”

குண்வந்த் தலையாட்டினான்.

“எனக்கு ஒரு வருஷமாச்சு. மாடி ஏறி வந்து பெல் அடிக்கறாரு. பிரணிதா உக்காரச் சொன்னா, வேலை இருக்குன்னு போயிடறாரு. தினம் காலையில கீழ உன் ரூம்லேர்ந்து அவர் பேப்பர் படிக்கற சத்தம் கேக்கும். பஸ் கவுந்துச்சு, லாரி கவுந்துச்சுன்னு. நான் பால்கனியில நின்னு கேட்டுட்டிருப்பேன்.” ஷிரீஷ் ஸ்பூனால் அவலைக் கிளறினான். “உன் மேல எவ்ளோ எரிச்சல் தெரியுமா எனக்கு? இப்ப அதுவும் போச்சு. பாவி, நாலாயிரம் குடுத்து நிறுத்திட்டியேடா.”

குண்வந்துக்குக் காரம் கண்ணில் ஏறியது. தர்ரியின் காரம்தான். அண்ணன் தன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறான், அதுவும் ஒரு வருஷமாக, இவனுக்குத் தெரியாமலே. தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்!

மறுநாள் அவன் ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ் எழுதி அப்பாவிடம் கொடுத்தான். அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

“எங்க பாத்திருக்க?”

குண்வந்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், அந்தக் குறும்புப் புத்தி எங்கே போகும், வாயை மூடிக்கொண்டு நின்றான்.

“ஏரியா எது? அங்கெல்லாம் கோடையில தண்ணி வராதே. தனியா இருந்து என்னத்தடா சாப்பிடுவ? பொண்ணு ஏதாவது பாத்துட்டியா? சொல்லித் தொலையேன். நான் அந்த வாளியோட வந்து பேசினது தப்பா எடுத்துக்கிட்டியா? அது சும்மா… சபானே சொன்னான்னு…”

அதற்குமேல் குண்வந்தால் தாங்க முடியவில்லை. “எங்கயும் போகலப்பா. வாடகை குடுக்கறத நிறுத்தறேன். சும்மா இருக்கப் போறேன்.”

அப்பா வெங்காயக் கத்தியை ஆட்டி ஆட்டிப் பதினைந்து நிமிஷம் திட்டினார். கழுதை, தறுதலை, கார்டுக்காரனுக்கு நாற்பத்தேழு ரூபாய் அழுத முட்டாள், அப்பனுக்கு நெஞ்சுவலி வரவழைக்கிறவன். குண்வந்த் சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டான். கண்ணை ஓட்டினால், மாடிப்படியில் ஷிரீஷ் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பதுபோல.

ஷிரீஷால் வாடகையை நிறுத்த முடியவில்லை. முப்பத்தேழாயிரம் சும்மாவா? ஜூன் ஐந்தாம் தேதி வழக்கம்போலக் கார்டில் கட்டினான், ரசீது வாங்கினான். ஆனால் ரசீதை மடித்துப் பையில் வைத்துவிட்டு நகராமல் நின்றான்.

“ஓனர் ஸார், மாடியில குழாய் ஒழுகுது.”

அப்பா கருவிப் பெட்டியோடு ஏறினார். ஒழுகுகிற குழாய் எதுவும் அங்கே இல்லை. எது என்று கேட்கக் கேட்க ஷிரீஷ் அடுத்த குழாயைக் காட்டினான். பிரணிதா டீ போட்டாள். அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா என்னவோ சொன்னார். அண்ணன் சிரித்தான். அப்பாவும் சிரித்தார், சத்தமாக.

கீழே குண்வந்த் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். கூரையைப் பார்த்தான். இன்னொரு தடவை சிரிப்பு கேட்டது.

அவன் கட்டிலுக்கடியில் துழாவி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான்.