பௌர்ணமி வாரத்தில் தவணை இல்லை

கடன் கேட்டவள் வீட்டுக்குப் போகும் முன் ஃபெலிசிதாஸ் பக்கத்துக் கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்குவாள். சோப்பு சும்மா சாக்கு. “அந்த மஞ்சள் வீட்டுக்காரி உங்ககிட்ட வச்ச பாக்கிய, சொன்ன நாள்ல தீர்ப்பாளா?” என்று கடைக்காரியிடம் கேட்பதுதான் காரியம். அரிசிக்கும் எண்ணெய்க்கும் வைத்த பாக்கியை ஒழுங்காக அடைப்பவள் பத்தாயிரம் பேசோவையும் அடைப்பாள் என்று நம்புகிறவள் அவள். பனாய் தீவின் வடகரையில் பதினாறு வருடமாகப் பெண்களுக்குத் தொழில்கடன் கொடுத்து வாராவாரம் வசூலிக்கிறாள். வீட்டில் ஒரு அலமாரி நிறைய சோப்பு.

அடுத்த கேள்வி புருஷனைப் பற்றி. “அவனுக்குத் தெரியாம வாங்காதடி. தெரியுற அன்னிக்குச் சண்டை வரும். சண்டை நடக்குற வீட்டுல தவணை நடக்காது.” ஊர் நாய்கள் அத்தனையின் பெயரும் அவளுக்கு அத்துப்படி. வீட்டில் இல்லை என்று உள்ளே பதுங்குகிறவர்களை கதவைப் பார்த்து நாய் வாலாட்டுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

பசிலிசா விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் உதைத்தது. அவள் கருவாடு போடுகிறவள், ஃபெலிசிதாஸைவிடப் பத்து வயது மூத்தவள். கடைக்காரி நற்சான்று கொடுத்தாள். புருஷனே கூட வந்து கையெழுத்துப் போட்டான். ஆனாலும் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வெறுங்கையோடு வந்து நிற்பாள். ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால்தான் கடன்; ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். அவள் குழுவில் இருந்த மற்ற நாலு பேரும் முணுமுணுத்துக்கொண்டே அவள் பங்கைக் கட்டுவார்கள்.

“ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?” என்று ஒருநாள் ஃபெலிசிதாஸ் கடிந்துகொண்டாள்.

“நிலா பட்டப்பகலாட்டம் காயுது மேடம். படகு விளக்குக்கு மீன் எப்படி வரும்? மீனில்லாம நான் என்னத்தக் காயப்போட? என் பாவாடையவா?”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கடலே தெரியாத, மலையடிவாரத்து நெல் விளையும் ஊரில் பிறந்த ஃபெலிசிதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மூன்று வருடத்துப் பாஸ்புத்தகங்களை நாள்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். தவறிய தவணை ஒவ்வொன்றும் பௌர்ணமியை ஒட்டியே இருந்தது. இத்தனை நாள் அந்த மனுஷியை நாணயமில்லாதவள் என்று நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

பௌர்ணமி வாரத்தில் தவணை வேண்டாம், மற்ற வாரங்களில் கொஞ்சம் கூட்டி வாங்கலாம் என்று மேலாளர் ரெனான்தேயிடம் போய்க் கேட்டாள்.

“நிலா நம்ம கம்ப்யூட்டர்ல இல்லையே மேடம்,” என்றான் அவன். பிறகு மனமிரங்கி, “ஆறு மாசம் பாருங்க. ஆனா ஒரு தவணை விழாம போனாலும், மத்தவங்க போட்டுக் கட்டினாலும், அந்தக் குழுவுக்கு இனிமே கடன் கிடையாது. உங்க வேலை ஒப்பந்தத்தையும் நான் புதுப்பிக்கச் சொல்லமாட்டேன்” என்றான். ஃபெலிசிதாஸின் மகள் அப்போது நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம்.

ஐந்து மாதமும் மூன்று வாரமும் ஒரு பேசோ குறையவில்லை. கடைசி வாரம் புயல் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் வெயிலே இல்லை. தட்டிகளில் கிடந்த மீன் நாற ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை தேவாலயக் கொட்டகையில் நாலு பேர் கட்டிவிட்டார்கள். ஐந்தாவது நாற்காலி காலியாகவே இருந்தது. ஃபெலிசிதாஸ் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடியும் நேரத்தில் பசிலிசா சொட்டச் சொட்ட நனைந்து வந்து மேசைமேல் நோட்டுகளை வைத்தாள்.

“வெயில் இல்லன்னா என்ன, உப்பு இருக்குல்ல? அத்தனையும் உப்புல அமுக்கி, மீன் ஊறுகா போடுறவகிட்ட பாதி விலைக்குத் தள்ளிட்டேன். எண்ணிக்கோங்க மேடம். நாறுச்சுன்னா மூக்கப் பிடிச்சுக்கோங்க.”

“பாதி விலைக்கா? நஷ்டமாச்சேக்கா!”

“எனக்காக நீங்க ஆபீஸ்ல மல்லுக்கு நின்னீங்கன்னு ஊரே சொல்லுது. நான் வராம இருப்பேனா?”

ஃபெலிசிதாஸ் மேசைமேல் இருந்த பணத்தை எண்ணாமல் எழுந்தாள். உப்பில் வெடித்திருந்த பசிலிசாவின் வலதுகையைப் பிடித்து, அந்த ஊரில் பிள்ளைகள் பெரியவர்களிடம் ஆசி வாங்குவதுபோல், குனிந்து தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.