இலையை எதிர்ப்பக்கம் மடித்தவர்

கிள்ளானில் நாலு லோரி, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, பிள்ளைகள் பந்தாட ஒரு மன்றம். இத்தனையும் ஆறாம் வகுப்போடு நின்றுபோனவன் எழுப்பியது. எந்த வங்கியும் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்ததில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்பே, பன்னிரண்டு வயதில், ஒரு பந்தாட்டக்காரரை இந்த ஊருக்குச் சொந்தமாக்கிக் கொடுத்தவன் நான். அதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை.

எண்பதுகளின் கடைசி. எங்கள் ஊர்ப் பந்தாட்ட அணிக்குச் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் வந்திருந்தார். நெட்டை மனிதர், வெயிலில் இறால் போலச் சிவந்திருப்பார். எதிரணிக்காரன் பந்தோடு அவர் பக்கம் போவான், வெறுங்காலோடு திரும்புவான்.

பயிற்சி முடிந்தால் மாமாவின் கடைக்குத்தான் சாப்பிட வருவார். பள்ளி விட்டு வந்து அங்கே தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அவருக்கு மலாய் அரைகுறை, எனக்கு ஆங்கிலம் அதைவிட மோசம். ஆனாலும் இலை மடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். சாப்பாடு பிடித்திருந்தால் நம் பக்கமாக, சாவு வீட்டில் சாப்பிட்டால் எதிர்ப்பக்கமாக. சாவு என்பதை விளக்கத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக் காட்டினேன். கடையே சிரித்தது. அன்றிலிருந்து தன் பக்கமாக மடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். ‘நம்ம வெள்ளைக்காரன்’ ஆகிவிட்டார். ஆட்டம் என்றால் மாமா வேன் பிடித்து, உறுமி மேளத்தோடு ஆட்களை ஏற்றிப் போவார். மேளம் கேட்டதும் அவர் திடலிலிருந்து கையை உயர்த்துவார்.

அரையிறுதிக்கு முதல் நாள் மதியம் வந்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. இலையை மெதுவாக எதிர்ப்பக்கம் மடித்தார். கண்ணடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லாவில் இருந்த மாமாவுக்கு முகம் மாறியது.

“என் கடை என்ன சாவு வீடா? தெரிஞ்சேதான் மடிக்கிறான்.”

“ஆட்டத்து நெனப்புல மறந்திருப்பாரு, விடுங்க லா அண்ணே” என்றார் சமையற்காரர்.

“நாளைக்கு வேனும் இல்ல, மேளமும் இல்ல. வேணும்னா நீ போய்க் கரண்டியத் தட்டு.”

மேளம் இல்லாமல் அவர் எப்படி ஆடுவார்? ஓடிப்போய் இலையைப் பிரித்து, அவர் பக்கமாகத் திருப்பி மடித்தேன்.

“நாந்தான் மாமா மாத்திச் சொல்லிக் கொடுத்துட்டேன்.”

மாமா காதைத் திருகினார். ஆனால் வேனை நிறுத்தவில்லை. நான் திருப்பி மடித்த இலையை வெள்ளைக்காரர் பார்த்தார், என் தலையில் கை வைத்தார், போய்விட்டார்.

மறுநாள் உறுமி முழங்கியது. அவர் கையை உயர்த்தவில்லை. ஆனால் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் புகழ் அன்றைக்குப் பிறந்தது. என் காது வலித்ததை மறந்து நானும் கத்தினேன்.

போன வருடம், பழைய ஆட்டக்காரர்களின் நட்பு ஆட்டத்துக்கு வந்தவர் என் கடைக்கும் வந்தார். தலை முழுக்க நரை. அந்த இலையைப் பற்றி நானே கேட்டேன். அன்று காலையில்தான் ஊரிலிருந்து தொலைபேசி வந்ததாம், அம்மா இறந்துவிட்டார் என்று. ஆட்டம் முடியும்வரை அணியில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். நான்தான் அதைப் பிரித்துத் திருப்பி மடித்துவிட்டேன்.

அவருக்குச் சிறப்பு மலர் போடப் போகிறார்களாம். போடட்டும். பயிற்சியாளர் பெயர் வரட்டும், தலைவர் படம் வரட்டும். அவருக்கு இலை மடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான் என்று ஒரு வரியும் வர வேண்டும். அன்று அவர் சரியாகத்தான் மடித்தார் என்பதையும் சேர்த்தே போட வேண்டும்.