நாலு ஹீட்டர் பிளக்கும் என் தம்பியும்

என் தம்பி எங்கே போனாலும் முதலில் சரிவு தேடுவான். அவனுடைய பழைய டீசல் லாரியைச் சமதரையில் அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது. வெயில் நாளில் ஏதோ முக்கி முனகி எடுத்துவிடும். குளிர் வந்துவிட்டால் சாவியைத் திருப்பத் திருப்ப இருமுமே தவிர எழுந்திருக்காது. அதனால் இறக்கமான இடமாகப் பார்த்து, லாரியின் மூக்கைக் கீழ்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் அவன் கதவையே திறப்பான். கிளம்பும்போது பிரேக்கை விட்டு உருளவிடுவான். பாதி இறக்கத்தில் கியரைப் போட்டு ஒரு குலுக்கு குலுக்கினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

இப்படியே பழகிப் பழகி, அவன் வாழ்க்கை முழுவதும் சரிவு பார்த்தே அமைந்துவிட்டது. வீடு பார்த்தபோது தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்கவில்லை, வாசலில் இறக்கம் இருக்கிறதா என்று பார்த்தான். அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு வெங்காயம் கை தவறி விழுந்தால் தெருமுனையில் போய்த்தான் பொறுக்க வேண்டும் என்பாள் அவன் மனைவி. முடிவெட்டுவது மேட்டுக்கடையில். பல் வலித்தபோதும் மேட்டுத்தெரு டாக்டரிடம்தான் போனான். அவர் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். அடுத்த முறையும் அவரிடமே போய் நின்றான். ஏன்டா என்று கேட்டதற்கு, "ஆளு அப்படி இப்படித்தான்க்கா, ஆனா இடம் நல்ல இடம்" என்றான்.

ஊரில் அவனுக்கு முட்டைக்காரர் என்று பெயர். விடியற்காலையில் பண்ணையில் முட்டை ஏற்றி, பேக்கரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் இறக்கிவிட்டு வருவதுதான் தொழில். முட்டை ஏற்றுகிறவன் தினமும் லாரியைக் குலுக்கிக் கிளப்பலாமா என்று யாராவது கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவான். குலுக்கலில் விரிசல் விட்ட முட்டைகளையெல்லாம் ஒரு பாத்திரத்தில் போட்டுப் பிற்பகலில் எனக்குக் கொண்டுவந்து கொடுப்பான். எங்கள் வீட்டில் முழு முட்டையை நாங்கள் கண்ணால் பார்த்தே பல காலம் ஆகிறது.

கொண்டுவந்து கொடுப்பான் என்றேனே, எப்படி என்று கேளுங்கள். எங்கள் தெரு துளிச் சரிவும் இல்லாத தெரு. இப்படித் தெரு போட்டவனை நான் திட்டாத நாள் இல்லை. என் தம்பி லாரியை வாசலில் நிறுத்துவான், ஆனால் அணைக்க மாட்டான். அது படபடவென்று அடித்துக்கொண்டே நிற்கும். பாத்திரத்தைக் கேட்டுக்கு மேலாக நீட்டுவான். "உள்ள வாடா" என்பேன். "வண்டி ஓடிட்டிருக்குக்கா" என்பான். லாரியைப் போட்டுவிட்டு லீவு நாளில் பஸ்ஸில் வாயேன் என்றால், "கோழி லீவு எடுக்குமாக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்பான். கூடப் பிறந்த அக்கா வீட்டில் அவன் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் வரும், திட்டுவேன், அதோடு போகும். என் வீட்டுக்காரர் வாசல் கேட் வரைக்கும் நடந்து போய் லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு அவனோடு பேசுவார். இன்ஜின் சத்தத்துக்கு மேல் இரண்டு பேரும் கத்திக்கத்திப் பேசுவதைக் கேட்டால் அடிதடி நடக்கிறது என்று நினைப்பீர்கள். பேச்சு என்னவோ மழை, முட்டை விலை, அடுத்த தெருக்காரன் கட்டுகிற மாடி, இவ்வளவுதான். அவருக்கு இருந்த ஒரே சிநேகிதன் அவன்தான்.

போன மழைக்காலத்தில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தவர் உள்ளறைக் கட்டிலில் படுத்தார், படுத்தவர்தான். பயிற்சி கொடுக்க வருகிற பெண், "ஐயா, நீங்களா எழுந்து உட்காரணும். இப்படியே படுத்திருந்தா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது" என்று பயமுறுத்திப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அவர் பிடிகொடுக்கவில்லை. "உட்கார்ந்து யார் முகத்தைப் பார்க்கப்போறேன்?" என்றார். என் முகம் ஒன்று அங்கேதான் இருந்தது. அதை அப்போது சொல்லிக்காட்டவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் லாரி சத்தம் கேட்டதும் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவார். நான் கேட்டில் பாத்திரத்தை வாங்குவேன். "அத்தான் எப்படிக்கா இருக்காரு?" என்று தம்பி கத்துவான். வந்து பாரேன்டா என்று நானும் கத்துவேன். ஒரே ஒரு தடவை உள்ளே ஓடிவந்தான். கட்டிலுக்கு அருகே நின்று இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வெளியே இன்ஜின் ஒரு மாதிரி இழுத்தது, அப்படியே ஓடிப்போனான். லாரி சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைகிறவரை இவர் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அந்தத் திரும்பலைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

லாரிக்கு வியாதி என்ன என்று ஊருக்கே தெரியும். டீசல் இன்ஜினுக்குள் ஹீட்டர் பிளக் என்று விரல் நீளத்தில் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று, ஆக இவன் லாரிக்கு நாலு. குளிர்ந்து கிடக்கிற இன்ஜினுக்குள் அதுதான் முதலில் சிவந்து சூடு காட்ட வேண்டும், அப்போதுதான் டீசல் பற்றும். இவன் லாரியில் மூன்று செத்துவிட்டன, ஒன்று மட்டும் ஏதோ பேருக்கு உயிரோடு இருந்தது.

வாங்கி மாட்டுவதற்கு என்ன கேடு என்கிறீர்களா? அங்கேதான் என் தம்பியின் குணம் தெரிய வேண்டும். அவனுக்கு இரண்டு பொருளைக் காட்டி ஒன்றை எடு என்று சொல்லக் கூடாது. சொந்தக் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவன் அவன், இரண்டு சட்டையில் எதைப் போடுவது என்று தெரியாமல். கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டையும் போட்டுக்கொண்டு வந்து வேர்த்துக் கொட்டினான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிளக் கேட்கப் போனவன் வேகமாகச் சூடாகும் ரகம், நிதானமாகச் சூடாகும் ரகம் என்று இரண்டு இருப்பதைத் தெரிந்துகொண்டான். அவ்வளவுதான், ஒரு குளிர்காலமே போய்விட்டது. இரண்டிலும் மாதிரிக்கு ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தான். சிக்னலில் லாரி நிற்கும்போது எடுத்து எடுத்துப் பார்ப்பான். பேக்கரிக்காரரைக் கேட்டான், பண்ணைக் காவலாளியைக் கேட்டான், பல் டாக்டரைக்கூடக் கேட்டானாம்.

அன்றைக்குப் பிற்பகலில் வழக்கம்போல லாரி வந்து நின்றது, படபடத்தது. பக்கத்து வீட்டுக்காரம்மாவை வீட்டுக்காரருக்குத் துணையாக உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தேன். தம்பி பாத்திரத்தை நீட்டினான். நான் வாங்கவில்லை. லாரியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா இது?"

"நீ என் வீட்டுக்குள்ள வர மாட்டே. அதான் நான் உன் வீட்டுக்கு வந்துட்டேன். ஓட்டு."

"எங்கே?"

"பிளக் கடைக்கு. வாங்கி மாட்டற வரைக்கும் இறங்க மாட்டேன். நாளைக்கு முட்டையோட முட்டையா என்னையும் ஏத்திட்டுப் போ."

என் முகத்தைப் பார்த்தான். ஓட்டினான்.

கடை, சொல்லவே வேண்டாம், ஒரு சரிவில் இருந்தது. கடைக்காரர் என் தம்பியைக் கண்டதும் கும்பிடு போடாத குறையாக, "அண்ணே, இன்னைக்கும் பார்க்க மட்டும்தானா?" என்றார். இவனுக்கென்றே எடுத்து வைத்திருந்த பிளக்குகளை வழக்கம்போல மேஜையில் பரப்பினார். பார்வைக்கு எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன.

"இதுக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"இது டக்குன்னு சூடாகும்மா. ஆனா டக்குன்னு கையை எடுத்துடணும். புது வண்டின்னா அதுவே கரண்ட்டை நிறுத்திக்கும். அண்ணன் வண்டில கையால பொத்தானை அழுத்திப் பிடிக்கணும், பிடிச்சுட்டே இருந்தா பிளக் கருகிடும். இன்னொண்ணு மெதுவாத்தான் சூடாகும், கொஞ்சம் கூடுதலா பிடிச்சாலும் தாங்கும். இவரு வண்டிக்கு முதல்ல வந்ததும் அந்த ரகம்தான். நானும் சொல்லிப் பார்த்துட்டேன்."

"வேகமா எடுத்தா நல்லதுதானேக்கா" என்று தம்பி ஆரம்பித்தான்.

எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இவனைத் தெரியும், தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தெரியும். "ஏண்டா, கையை எடுக்கலாமா வேண்டாமான்னு நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அது கருகிக் கரியாயிடாதா? மெதுவா சூடாகறதைக் குடுங்க. நாலு."

"மூணு போதும்க்கா. ஒண்ணு நல்லாத்தானே இருக்கு, அதை எதுக்குக் கழட்டறது, பாவம்."

"நாலு" என்றேன். கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் இன்ஜின் சூடு ஆறுவதற்குள் பழையதைக் கழற்றத் தொடங்கினார். மூன்று வந்துவிட்டன. நாலாவது அசையவில்லை. மெக்கானிக் எண்ணெய் விட்டு, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி எண்ணெய் விட்டார். "உள்ள உடைஞ்சா இன்ஜின் தலையையே கழட்டணும்" என்று அவர் சொன்னதும் தம்பிக்கு முகம் வெளுத்தது. இந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு வந்தவள் நான். கடைசியில் அது முனகிக்கொண்டே வந்தது. நுனி உருகி உப்பிப்போயிருந்தது.

நாலையும் தட்டில் வரிசையாக வைத்தார் மெக்கானிக். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று கறுப்பு, ஒன்று துரு. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எது செத்ததோ அதை மட்டும் மாற்றுவது, அந்த நேரம் எந்தக் கடையில் என்ன கிடைத்ததோ அதை மாட்டுவது என்று வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. "உப்பினது எந்த ரகம்?" என்று கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தான். "வேகமா சூடாகற ரகம்க்கா" என்றான்.

புதிய நாலும் ஏறின. இன்ஜின் சூடாக இருந்ததால் சரிவில் உருட்டாமலே கிளம்பியது. வாசலில் வந்து நின்றோம். லாரி படபடத்தது.

"அணைடா."

"அணைக்கலாம்க்கா. ஆனா சூடுல எடுக்கறது பெருசில்ல. ஆறினப்புறம் எடுக்கலைன்னா? இங்கே உருட்டக்கூட வழியில்லையே."

"எடுக்கலைன்னா இங்கேயே இரு."

கை சாவி மேல் இருந்தது. திருப்பவில்லை. நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கி உள்ளே போனேன். பக்கத்து வீட்டுக்காரம்மா கிளம்பினார். கட்டிலில் இவர் தலையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தார், கண் கூரையில் இருந்தது.

"வந்துட்டானா? சரி. போயிடுவான்" என்றார்.

அப்போது சத்தம் நின்றது. அந்த லாரி எங்கள் வாசலில் மௌனமாக நின்று நான் கேட்டதே இல்லை. சுவர்க்கடிகாரம் ஓடுவது அப்போதுதான் காதில் விழுந்தது.

இவர் பதறிப்போய், "ஐயோ, வண்டி நின்னு போச்சு! பிள்ளை என்ன பண்ணுவான், போய்ப் பாரு. யாரையாவது தள்ளக் கூப்பிடு!" என்றார்.

"அவன் நிறுத்தியிருக்கான்" என்றேன்.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கட்டில் ஓரத்தில் நாற்காலி நுனியில், இப்போதோ அப்போதோ ஓடிவிடுகிறவன் மாதிரி உட்கார்ந்தான். அவன் கொண்டுவந்த விரிசல் முட்டைகளை அவனுக்கே பொரித்துப் போட்டேன். இரண்டு பேரும் பேசினார்கள். வழக்கம் விடாமல் கத்திக்கத்தித்தான் பேசினார்கள், இடையில் இன்ஜின் இல்லை என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அடுத்த தெரு மாடி, மழை, பல் டாக்டர் எல்லாம் வந்தன. நாலு பிளக்கின் கதையை அவன் சொன்னபோது இவர் சிரித்தார். படுத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறியது.

வெயில் இறங்கிக் குளிர் ஏறத் தொடங்கியதும் தம்பி நெளிந்தான். எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரி அணைந்து கிடப்பதைப் பார்த்துத் தெருக்காரர்கள் நாலைந்து பேர் தள்ளுவதற்குத் தயாராக வந்து நின்றிருந்தார்கள். அவன் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தான். கையை எடுக்க அவன் பட்ட பாட்டை என் கண்ணால் பார்த்தேன். சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் லாரி எழுந்தது. தள்ள வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

"எடுத்துட்டான்" என்றார் இவர் உள்ளேயிருந்து. "பரவாயில்லை. கிளம்பட்டும், காலைல பண்ணைக்குப் போகணும்." குரல் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

மறுபடி சத்தம் நின்றது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. தம்பி முகமெல்லாம் பல்லாக வாசல்படியில் வந்து நின்றான்.

"எடுக்குதுக்கா!"

"சரி, அப்புறம் என்ன? கிளம்பலையா?"

"அதான் எடுக்குதே. டீ போடு."

டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தம்பி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடம் விட்டு, தலையணையை முதுகுக்குக் கொடுத்து, இவர் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தார்.